ஒன்றரை நூல்

பேஸ் கிட்டாரின் தலைப்பகுதியில், நான்கு கம்பிகளும் நெக்கை விட்டு மேலேறும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சில கிட்டார்களில் அதன்மேல் கறுப்பு பிளாஸ்டிக் மூடி போட்டுத் திருகு முடுக்கியிருப்பார்கள். சிலவற்றில் மூடியே கிடையாது, மரத்தில் துளைத்த வாய் மட்டும்தான். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஓர் அறுகோணக் குழி தெரியும். நெக்குக்குள் நீளவாக்கில் ஓடும் எஃகுக் கம்பியின் முனை அது. அந்தக் கம்பிக்கு ட்ரஸ் ராடு என்று பெயர். வருடக்கணக்காக பேஸ் வாசிக்கிறவர்களில் பலர் அந்த ஓட்டைக்குள் எட்டிப் பார்த்ததே இல்லை. பார்த்தவர்களில் சிலர், வீட்டில் கிடந்த ஏதோ ஒரு எல்லன் கீயை அதில் விட்டுத் திருப்பியிருக்கிறார்கள். என் கைக்கு வரும் பேஸ்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம்.

எனக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை, டூல் ரூம் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை சபையில் பேஸ் வாசிக்கிறேன். இந்த இரண்டுக்கும் தொடர்பில்லை என்றுதான் முதலில் எல்லோரும் நினைப்பார்கள். கும்மிடிப்பூண்டி என்றால் ரோலிங் மில், ஃபவுண்டரி, ஜி.என்.டி. சாலையில் வரிசையாக நிற்கும் லாரிகள், இவைதான் நினைவுக்கு வரும். ஆனால் சபைகள் நிறைந்த வட்டாரம் இது. பொன்னேரி, கவரைப்பேட்டை, ஆரம்பாக்கம் என்று எந்த ஊருக்குப் போனாலும் ஒரு கீபோர்டு, ஒரு ட்ரம் செட், ஒரு பேஸ் இருக்கும். அதை வாசிக்கும் பையன் வாரம் முழுக்க ஏதோ ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறவனாக இருப்பான். கிட்டாரைச் சரிபார்க்க மவுண்ட் ரோடு வரை போக அவனுக்கு நேரம் ஏது? "அண்ணா, ஸ்ட்ரிங் மேல தூக்கிட்டு நிக்குது, அமுக்கவே முடியல, கொஞ்சம் பாத்துக் குடுங்கணா" என்று என்னிடம் கொண்டு வருகிறான்.

முதலில் அந்தக் கம்பி உள்ளே என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பேஸ் கிட்டாரின் நெக் நாணேற்றிய வில். பிரிட்ஜிலிருந்து தலைப்பக்க நட் வரைக்கும் 34 அங்குலம். நான்கு தடித்த கம்பிகளையும் சுருதிக்கு ஏற்றிவிட்டால் 70 கிலோவுக்கும் மேலான இழுவை அந்த மரத்தின் மேல் இரவும் பகலும் இருந்துகொண்டே இருக்கும். மரம் முன்னால் வளையத்தான் பார்க்கும். உள்ளே இருக்கும் எஃகுக் கம்பியை முடுக்கினால் அது எதிர்ப்பக்கம் தள்ளும். இரண்டும் எங்கே சமன்படுகின்றனவோ அதுதான் நெக்கின் வடிவம். முற்றிலும் நேராக இருந்துவிடவும் கூடாது. தட்டிய கம்பி நடுவில்தான் அதிகம் அலையும், அந்த அலைவுக்கு இடம் வேண்டும். அதனால் நெக்கின் நடுவில் மயிரிழை அளவுக்குக் குழிவு விட்டு வைக்கிறோம். ரிலீஃப் என்பது அந்தக் குழிவைத்தான்.

நெக்குக்குள் இப்படி ஒரு கம்பியை வைத்து முடுக்கும் யோசனைக்கு 1921-ல் காப்புரிமை கேட்டு 1923-ல் பெற்றவர் தாடியஸ் மெக்ஹ்யூ, அமெரிக்காவின் கிப்ஸன் கம்பெனியில் வேலை பார்த்தவர். கிட்டார் சரித்திரத்தில் இசைக் கலைஞர்களின் பெயர்கள் நிறைய இருக்கின்றன. கம்பெனிக்குள் இருந்து இப்படி ஒன்றை யோசித்தவரின் பெயரைத்தான் நான் அவற்றுக்கு முன்னால் வைப்பேன். 1951-ல் லியோ ஃபெண்டர் ப்ரெசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது இவ்வளவு நீளமான, மெல்லிய மேப்பிள் நெக்கில் இவ்வளவு தடித்த கம்பிகளை மாட்டும் துணிச்சல் அவருக்கு வந்ததும் அந்த ட்ரஸ் ராடால்தான்.

நம் வீணையை எடுத்துக்கொண்டால் அதற்கு இந்தக் கவலையே இல்லை. தண்டி தடித்த பலா மரம், உள்ளே எஃகு கிடையாது. மெட்டுகள் மெழுகின் மேல் உட்கார்ந்திருக்கும். மெழுகு தளர்ந்து சுருதி விலகினால் தஞ்சாவூர் ஆசாரி வந்து மேளம் கட்டிக் கொடுப்பார். ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு, மெழுகை இளக்கி, இடம் பார்த்துப் பதிப்பார். பேஸில் ஃப்ரெட்டுகள் மரத்துக்குள் அடித்து இறக்கப்பட்டவை. அவற்றைத் தனித்தனியே நகர்த்த வழி இல்லை. மொத்த நெக்கையும் ஒரே இடத்திலிருந்து திருத்தத்தான் முடியும், அந்த ஒரே இடம் அந்தச் சின்ன ஓட்டை. அதனால்தான் அதற்குள் போகும் கருவியைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது. கிட்டாரில் மற்ற எது கெட்டாலும் வேறு வாங்கி மாட்டலாம். பிக்அப், பிரிட்ஜ், கீ ஹெட் எல்லாம் கடையில் கிடைக்கும். ட்ரஸ் ராடின் முனை மழுங்கினாலோ மரை போனாலோ, பல நெக்குகளில் ஃபிங்கர்போர்டையே பெயர்த்தெடுக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆகும் காசில் சபைப் பையன்கள் வாசிக்கும் பேஸில் பாதியை வாங்கிவிடலாம்.

சிக்கல் அளவில்தான். ஃபெண்டர் அமெரிக்கக் கம்பெனி, அதன் அளவுகள் அங்குலத்தில் பிறந்தவை. மெக்சிகோவில் செய்த ஃபெண்டர் பேஸ்களுக்கு 3/16 இன்ச் கீ. அமெரிக்காவில் செய்த ஃபெண்டர் கிட்டார்கள் பலவற்றுக்கு 1/8 இன்ச். கிப்ஸனில் குழியே கிடையாது, வெளியே துருத்தும் பித்தளை நட்டுக்கு 5/16 இன்ச் பாக்ஸ் ஸ்பேனர் வேண்டும். ரிக்கன்பாக்கர் பேஸில் ஒன்றுக்கு இரண்டு ராடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஜப்பான், கொரியா, சீனா, இந்தோனேசியாவிலிருந்து வருபவை பெரும்பாலும் மில்லிமீட்டர், 4 அல்லது 5. பழைய ஃபெண்டர்களில் ஓட்டை தலைப்பக்கம் இல்லவே இல்லை. நெக் உடலோடு சேரும் அடிப்பக்கத்தில், ஸ்க்ரூ டிரைவர் வெட்டோடு இருக்கும். நெக்கைத் தளர்த்தியோ கழற்றியோதான் அதைத் தொட முடியும். திருப்பிவிட்டு, மாட்டி, கம்பியேற்றி, அளந்து, சரியில்லை என்றால் மறுபடியும் கழற்ற வேண்டும். இதற்கெல்லாம் நடுவில் மியூசிக் மேன் ஸ்டிங்ரேயில் செய்திருப்பதைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். நெக்கின் அடியில் சுற்றிலும் ஓட்டைகளோடு ஒரு சிறு சக்கரம். மெல்லிய இரும்புக் குச்சி ஒன்றை ஏதாவது ஓர் ஓட்டையில் செருகித் தள்ளினால் போதும். கீ அளவு என்ற கேள்வியே எழாது, மழுங்குவதற்கு மூலையும் இல்லை.

ஒன்றரை நூல் என்றால் எங்கள் வட்டாரத் தச்சருக்கும் கம்பி கட்டுகிறவருக்கும் உடனே புரியும். அங்குலத்துக்கு எட்டு நூல். 1/8 ஒரு நூல், 3/16 ஒன்றரை நூல், 5/16 இரண்டரை நூல். ஆனால் கும்மிடிப்பூண்டி கடைகளில் எல்லன் கீ கேட்டால் எடுத்து வைப்பது மில்லிமீட்டர் செட். அதில் தப்பில்லை. இந்தியா 1956-லேயே மெட்ரிக் சட்டம் போட்டுவிட்டது. சிப்காட்டில் ஓடும் மெஷின்களும் ஜெர்மனி, ஜப்பான், தைவான், பெங்களூரு என்று மெட்ரிக்கில் பிறந்தவை. அந்த மெஷின்களுக்குத் தேவையானதைத்தான் கடைக்காரர் வாங்கி வைப்பார். இன்ச் செட் வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேட்க வேண்டும், பெரும்பாலும் பாரிமுனைக்குப் போக வேண்டும். நான் என் இன்ச் செட்டை லிங்கிச் செட்டித் தெருவில் வாங்கினேன். கடைக்காரர் இரண்டு செட்டையும் மேஜையில் வைத்துவிட்டு, "எந்த மெஷினுக்குங்க?" என்று கேட்டார். பேஸ் கிட்டாருக்கு என்றேன். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. வெர்னியரை எடுத்து 3/16 கீயின் தட்டையை அளந்து என் முகத்துக்கு நேரே காட்டினார். கருவி விற்கிறவருக்கு இருக்க வேண்டிய பழக்கம் அது.

அந்தப் பக்கம் போகும்போது ஒன்றைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய இரும்புக் கடைகளில் பிரிட்டிஷ் காலத்து ஸ்பேனர்கள் இன்னும் கிடைக்கும். அருமையான எஃகு, கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. ஆனால் அதில் 5/16 என்று பொறித்து, பக்கத்தில் விட்வொர்த்தைக் குறிக்கும் எழுத்து இருந்தால், அந்த அளவு போல்ட்டின் தண்டுக்குரியது. ஸ்பேனரின் வாய்க்கு உரியது அல்ல. வாய் அதைவிட நன்றாகவே பெரிதாக இருக்கும். கிப்ஸன் நட்டுக்கு அது உதவாது.

அளவுகளை நேருக்கு நேர் வைத்துப் பார்த்தால்தான் ஆபத்து எங்கே என்று புரியும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. 5/32 இன்ச் என்பது 3.97 மி.மீ., அதற்கும் 4 மி.மீ.க்கும் வித்தியாசம் வெறும் 0.03. ஒன்றுக்குப் பதில் ஒன்று உட்கார்ந்துவிடும். 5/16 இன்ச் 7.94 மி.மீ., 8 மி.மீ. சாக்கெட் அதன்மேல் சுத்தமாக இறங்கும். ஆனால் 3/16 இன்ச் 4.76 மி.மீ. 5 மி.மீ. கீ அதற்குள் போகாது, 4.5 மி.மீ. கீ லொடலொடவென்று போகும். போகிறதே என்று திருப்பினால் கீயின் ஆறு மூலைகள் மட்டும்தான் குழியின் சுவரில் படும். தட்டைக்குத் தட்டை பட வேண்டிய இடத்தில் மூலையின் கூர் உழும். முதல் தடவை திரும்பும். இரண்டாம் தடவையும் திரும்பலாம். ராடு இறுக்கமாக இருக்கும் நாளில் உள்ளே வழுக்கும், குழி வட்டமாகத் தொடங்கும். 1/8 குழியில் 3 மி.மீ. கீயை விடுகிறவர்களுக்கும் கதை இதுதான், 0.175 மி.மீ. இடைவெளி அங்கே.

அதனால் அளக்காமல் நான் எதையும் குழிக்குள் விடுவதில்லை. குழியை வெர்னியரால் அளக்க முடியாது, தாடைகள் அந்த ஆழத்துக்கு இறங்காது. டூல் ரூமில் இதற்கு ஒரு வழி இருக்கிறது, அதைக் கிட்டார்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொண்டால் நல்லது. ஓர் அறுகோணத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய வட்டத்தின் விட்டமும், அதன் எதிரெதிர் தட்டைகளுக்கு இடையிலான தூரமும் ஒன்றுதான். ஆகவே ட்ரில் பிட்டைத் திருப்பிப் பிடித்து, அதன் வழவழப்பான தண்டுப் பக்கத்தைக் குழிக்குள் விட்டுப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். 0.1 மி.மீ. இடைவெளியில் இருக்கும் ட்ரில் செட் எந்த டூல் ரூமிலும் உண்டு. 4.7 இறங்கி 4.9 மறுத்தால் அது 3/16. 5.0 தாராளமாக இறங்கினால் 5 மி.மீ. ட்ரில் தண்டில் மூலை இல்லை, எதையும் கீறாது. இரண்டு நிமிஷ வேலை. அதற்கு முன் குழியைச் சுத்தம் செய்ய வேண்டும். பாலிஷ் தூள், வார்னிஷ் சொட்டு, வருடக்கணக்கான தூசி எல்லாம் அடியில் கெட்டிப்பட்டுக் கிடக்கும். குண்டூசியால் கிளறி, ரப்பர் பல்பால் ஊதி எடுப்பேன். கம்ப்ரஸர் காற்றை அடித்தால் தூசி இன்னும் உள்ளே ஓடும், அது கூடாது.

அளவு தெரிந்த பிறகு கீ. டபாரியாவோ அன்ப்ராகோவோ, நம்பகமான தயாரிப்பாக இருந்தால் போதும், கிட்டாருக்கென்று தனியாக விற்கும் கீதான் வேண்டும் என்பதில்லை. கவனிக்க வேண்டியது கீயின் முனை. பழைய கீயின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கடைசி 2 மி.மீ.க்கு மூலைகள் உருண்டு பளபளக்கும். ட்ரஸ் ராடின் குழி ஆழமில்லாதது, அந்தக் கடைசி சில மில்லிமீட்டர்தான் உள்ளே வேலை செய்யும். உருண்ட முனையை விட்டால் சரியான அளவுக் கீயும் தவறான கீதான். நான் அந்த முனையைக் கட்டிங் வீலில் மூன்று மில்லிமீட்டர் வெட்டி எறிந்துவிடுவேன். தொட்டுத் தொட்டு வெட்டி, ஒவ்வொரு தொடுதலுக்கும் தண்ணீரில் முக்க வேண்டும். எஃகு நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது என்று பொருள், அந்த இடம் இனி வளையும். வெட்டிய முகத்தை மூலைமட்டத்தில் வைத்துப் பார்த்து, பிசிறை எண்ணெய்க் கல்லில் உரசி எடுத்தால் கீ புதிதாகப் பிறந்த மாதிரி இருக்கும். விரல் நுனியால் தொட்டாலே ஆறு மூலைகளும் தனித்தனியாகத் தெரியும். பந்து முனைக் கீயை ட்ரஸ் ராடுக்கு நான் தொடுவதே இல்லை. சாய்த்துத் திருப்ப அது வசதிதான், ஆனால் தொடும் பரப்பு சொற்பம்.

கிப்ஸன் மாதிரியான நட்டுக்கு வேறு தொல்லை. 8 மி.மீ. சாக்கெட் அளவு சரியாக இருக்கும், ஆனால் அதன் சுவர் தடிமனால் தலைப்பகுதியில் மரத்தில் குடைந்த பள்ளத்துக்குள் இறங்காது. பலர் அந்தப் பள்ளத்தை உளியால் அகலப்படுத்தப் பார்ப்பார்கள். நெக்கில் மிக மெலிந்த, உடையக் காத்திருக்கும் இடமே அதுதான். அங்கிருந்து மரத்தை எடுப்பது பாவம். சாக்கெட்டை லேத்தில் பிடித்து வெளிச்சுவரைக் கடைந்து மெலிதாக்குவதுதான் சரி. கும்மிடிப்பூண்டியிலோ திருவள்ளூருக்குப் பக்கத்துக் காக்களூர் எஸ்டேட்டிலோ ஜாப் ஒர்க் எடுக்கும் எந்த லேத்துக்காரரிடம் கொடுத்தாலும் டீ குடித்து முடிப்பதற்குள் கடைந்து கொடுப்பார். சாக்கெட் கெட்டியான எஃகு என்பதால் கார்பைடு டூல் போடச் சொல்ல வேண்டும், அவ்வளவே. கிட்டார் ரிப்பேர் என்றால் ஏதோ தனி உலகம் என்று நினைத்து நம் பையன்கள் மிரள்கிறார்கள். அதில் முக்கால்வாசி, இந்தத் தொழிற்பேட்டையில் நாம் தினமும் செய்கிற ஃபிட்டிங் வேலைதான்.

கீ கையில் வந்ததும் திருப்பத் தொடங்கிவிடக் கூடாது. எனக்கு இதில் பிடிவாதம் உண்டு. முதலில் கம்பிகளைச் சுருதிக்கு ஏற்ற வேண்டும், தளர்ந்த கம்பியில் அளந்தால் அந்த அளவுக்குப் பொருளே இல்லை. முதல் ஃப்ரெட்டில் கேபோ மாட்டி, நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் தடித்த ஈ கம்பியை விரலால் அழுத்துங்கள். இப்போது அந்தக் கம்பியே மட்டக்கோல். ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பியின் அடிக்கும் இடையே தெரியும் இடைவெளியை ஃபில்லர் கேஜால் அளக்க வேண்டும். ஃபெண்டர் கம்பெனி, ஃபிங்கர்போர்டின் வளைவு ஆரம் ஒன்பதரையிலிருந்து 12 அங்குலம் வரையுள்ள பேஸ்களுக்கு 0.012 அங்குலம் என்று சொல்கிறது. நம் கேஜில் 0.30 மி.மீ. இலை. 7.25 அங்குல ஆரமுள்ள பழைய பாணி நெக்குக்கு 0.014, அதாவது 0.35 இலை. இலை உரசியும் உரசாமலும் நழுவ வேண்டும், கம்பியைத் தூக்கக் கூடாது. வால்வு கிளியரன்ஸ் வைத்துப் பழகிய மெக்கானிக் கைக்கு இது சொல்லாமலே வரும்.

இடைவெளி மிகுந்தால் வலம் திருப்பி முடுக்க வேண்டும். இல்லாமல் போய் முதல் சில ஃப்ரெட்டுகளில் கம்பி கரகரத்தால் இடம் திருப்பித் தளர்த்த வேண்டும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே மட்டும் கரகரத்தால் ட்ரஸ் ராடைத் தொடவே கூடாது, அது பிரிட்ஜ் உயரத்தின் விவகாரம். கம்பி உயரத்தைக் குறைக்க ட்ரஸ் ராடை முடுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும். ராடின் வேலை நெக்கை நேராக்குவது. கம்பி உயரத்துக்கு பிரிட்ஜில் தனித்தனியாகச் சின்னத் திருகுகளே வைத்திருக்கிறார்கள்.

முடுக்கும் முன் கம்பிகளைப் பாதி தளர்த்திவிடுவேன். ராடு தனியாக 70 கிலோவோடு மல்லுக்கட்ட வேண்டாம். கீயைக் குழியின் அடிவரை இறக்கி, இடது கட்டைவிரலால் தலைப்பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கால் சுற்று. அதற்குமேல் ஒரே மூச்சில் போவதில்லை. கீயின் நீண்ட கையை நெம்புகோலாக வைத்தால் வலு அதிகம், ஆனால் ராடு என்ன சொல்கிறது என்று கைக்குத் தெரியாது. இடம் இருந்தால் நான் நீண்ட கையைக் குழிக்குள் விட்டு, குட்டைக் கையைப் பிடித்துத் திருப்புவேன். அப்போது எஃகு இழுபடுவது விரலுக்கு நன்றாகத் தெரியும். முதலில் வெறும் இறுக்கம், பிறகு மரம் அசையும் மெல்லிய நெகிழ்வு, சில சமயம் ஒரு கிறீச். நெக்கை இரு பக்கமும் தள்ளும் இரட்டைச் செயல் ராடு என்றால் நடுவில் கொஞ்ச தூரம் எதிர்ப்பே இருக்காது, அங்கே பதற வேண்டாம், அதன் இயல்பு அது. கால் சுற்றுக்குப் பின் மறுபடி சுருதி, மறுபடி கேஜ். பிறகு பேஸை ஒரு ராத்திரி சும்மா வைத்துவிட்டுக் காலையில் மீண்டும் அளக்க வேண்டும். மரம் எஃகைப் போல உடனே பணியாது.

இந்த வட்டாரத்தில் மரம் சும்மா இருப்பதும் இல்லை. கிழக்கே பழவேற்காடு ஏரி, அதைத் தாண்டினால் கடல். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் காற்றில் ஈரம் ததும்பும். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சபைக்குள் பேஸ் வெந்துகொண்டு நிற்கும். மேப்பிளும் ஈட்டியும் ஈரத்தை வெவ்வேறு விதமாக வாங்கி வெவ்வேறு விதமாக விடும். எந்த நெக் எந்தப் பக்கம் நகரும் என்று ஒரு விதியாகச் சொல்ல நான் துணிய மாட்டேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். அதனால் மழைக்காலத்தில் ஒரு முறை, மழை ஓய்ந்து தை பிறந்ததும் ஒரு முறை அளந்துவிடச் சொல்கிறேன். அந்த ஃபிங்கர்போர்டு ஈட்டியாக இருந்தால் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரமாகவே இருக்கலாம், உலகம் முழுக்கக் கிட்டார்களுக்கு அது போகிறது. அக்கறையோடு பார்த்துக்கொள்ள அந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

இவ்வளவு எதற்கு, சபையில் நான்கு பாட்டுக்கு வாசிக்கும் பேஸுக்கு? இப்படி என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இளையராஜாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. அவற்றில் சசிதரன் வாசித்த பேஸ், அடியில் தாளத்துக்குத் துணை நின்றதோடு நிற்கவில்லை, இன்னொரு பாடகரைப் போலத் தனிப் பாதையில் நடந்தது. பின்னால் ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ். இவர்களைக் கேட்டு பேஸ் எடுத்த பையன், ஐந்தாம் ஃப்ரெட்டில் ஒரு கமகம் மாதிரி நழுவப் பார்க்கிறான். கம்பி கால் அங்குலம் தூக்கி நிற்கிறது, விரல் வலிக்கிறது, சுருதி மேலேறுகிறது. அவன் தனக்குக் கை வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறான். 0.30 இலைக்குக் கொண்டுவந்து கொடுத்த பிறகு அதே பையன் வாசிப்பதைக் கேட்க வேண்டும். கை அவனுக்கு வந்துதான் இருந்தது.

மழுங்கிய குழியோடு வருபவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான். தேர்வாய்கண்டிகைப் பக்கம் வேலை பார்க்கும் மணிப்பூர்த் தம்பி ஒருவன் மெக்சிகோ ஃபெண்டர் ப்ரெசிஷன் ஒன்றைக் கொண்டுவந்தான், அவனுடைய மாமா வாசித்தது. எங்கோ யாரோ 4.5 கீயால் திருகியிருக்கிறார்கள். 3/16 கீ உள்ளே போனது, திருப்பினால் வழுக்கியது. ட்ரில் தண்டு 4.9 வரை இறங்கியது. "முடிஞ்சிடுச்சா அண்ணா?" என்றான். இப்படி வருபவற்றில் பல முடிந்தவை அல்ல. தவறான கீ போட்டவர்கள் பெரும்பாலும் அதை அரைகுறையாகத்தான் செருகியிருப்பார்கள், குழியின் மேல்பாதி தேய்ந்திருக்கும், அடிப்பாதி பிழைத்திருக்கும். அவனுடையதில் அடியில் கெட்டிப்பட்டிருந்த அழுக்கை எடுத்ததும் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம் கூடக் கிடைத்தது. அங்கே மூலைகள் இருந்தன, ஆனால் அவையும் சற்று அகன்றிருந்தன. கடையில் கிடைக்கும் எந்த அளவுக்கும் அது இனிப் பொருந்தாது.

5 மி.மீ. கீ ஒன்றை எடுத்து, முனையை வெட்டிச் சதுரமாக்கி, கடைசி 15 மி.மீ.க்கு மட்டும் ஆறு தட்டைகளையும் சர்ஃபேஸ் கிரைண்டரில் உரசினேன். எதிரெதிர் தட்டைகள் இரண்டிலும் சமமாக எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அறுகோணம் கோணிப்போகும். ஒரு தட்டைக்கு 0.03 எடுத்து மைக்ரோமீட்டரில் மூன்று ஜோடியையும் பார்த்தேன், 4.94. குழிக்குள் வைத்தேன், ஏறவில்லை. இன்னொரு நூறில் ஒரு பங்கு. 4.92-ல் விரல் அழுத்தத்துக்கு முனை உள்ளே போய் அடியில் உட்கார்ந்தது, வெளியே எடுக்க இழுக்க வேண்டியிருந்தது. சுத்தியலால் தட்டவில்லை. தட்டி ஏற்றும் வைத்தியம் இதற்கு ஆகாது, அடி நேரே ராடின் மரையில் போய் விழும். கம்பிகளைத் தளர்த்தி, நெக்கை முழங்காலில் சாய்த்து லேசாகப் பின்னால் அமுக்கிப் பிடிக்கும்படி தம்பியிடம் சொல்லிவிட்டு, முதலில் இடப்பக்கம் எட்டில் ஒரு சுற்று விட்டுக்கொடுத்தேன். இறுகிக் கிடந்த மரை அசைந்தது. பிறகு வலப்பக்கம் கால் சுற்று. வழுக்கவில்லை.

அந்தக் கீ இனி அந்த ஒரு பேஸுக்கு மட்டும்தான் பொருந்தும். அதன் நீண்ட கையில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, கிட்டார் பையின் பாக்கெட்டில் போட்டுக் கொடுத்தேன். பிக்கார்டு தகட்டைக் கழற்றி அதன் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டினேன், என்னிடம் வரும் எல்லாப் பேஸிலும் ஒட்டுவதுதான். கீயின் அளவு, ராடு எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது, ரிலீஃப் எத்தனை இலை, எந்த மாதம். அவனுடையதில் முதல் வரியில் 4.92, தனிக் கீ, பையில் இருக்கிறது என்று எழுதி, அதற்குக் கீழே 3/16 போடக் கூடாது என்றும் எழுதினேன். தமிழ் படிக்க வராது என்றான். அவன் மொழியில் அவனையே ஒரு வரி எழுதச் சொல்லி அதையும் பக்கத்தில் ஒட்டிவிட்டு, தகட்டை மாட்டினோம்.